அத்தை சொன்னதும் தெல்மென் சொன்னதும்

மாப்பிள்ளையின் அத்தை கொரிய மொழியில் சொன்னது இதுதான்: "பொண்ணுக்கு எலும்பு பெரிசு. எங்க வீட்டு அடுப்படியில இவ நின்னா வேற யாரும் நிக்க முடியாது."

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன் தெல்மென் ஒரு கணம் தரையைப் பார்த்தான். பிறகு பெண் வீட்டாரிடம் மங்கோலியத்தில் சொன்னான்: "நல்ல கட்டான உடம்பு, எங்க வீட்டுக்கு இவ ஒரு தூணுன்னு சொல்றாங்க."

பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோய்க் குதிரைப்பால் கிண்ணத்தை உயர்த்தினார். உலான்பாதரின் அந்த விருந்துக் கூடமே கைதட்டியது. ஒருத்திக்கு மட்டும் புரையேறியது.

உயாங்கா. மணப்பெண்ணின் பள்ளித் தோழி. சியோலுக்குப் போய்ப் படித்ததில் கொரிய மொழி தெரிந்தவள். இருமலுக்கு நடுவே நிமிர்ந்தபோது தெல்மென் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்... அகப்பட்டுக்கொண்டவனின் கண்கள். சிரிக்கலாமா என்று கேட்கிற கண்கள்.

விருந்து முடிந்து வெளியே வந்தால் மழை. வாசல் கூரையின் கீழ் இவர்கள் இருவர் மட்டும்.

"நல்லாப் பொய் சொல்றீங்க," என்றாள்.

"அத்தைக்குப் பயம், பையன் கைவிட்டுப் போயிடுவானோன்னு. அந்தப் பயத்தைத்தான் சொல்லாம விட்டேன்."

அந்தக் குரல் அவளுக்குப் பிடித்தது... நெற்றியில் ஒட்டிய ஈர முடியும் பிடித்தது. அதனால்தானோ என்னவோ, அவன் கேட்டதும் தன் வேலையை மறைக்காமல் சொன்னாள். மங்கோலியம், கசாக், கொரியம் என்று ஆசிய மொழிகளைக் கணினிக்குப் பழக்கும் ஆராய்ச்சி. கைப்பேசியில் பேசினால் உடனே மொழிபெயர்க்கும் செயலி ஒன்று, அவள் குழு செய்தது.

தெல்மெனின் முகம் இறுகியது. அந்தச் செயலி வந்த பிறகுதான், அவன் மொழிபெயர்ப்பு வேலை பார்த்த சுரங்க நிறுவனம் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கல்யாண விருந்துகள்தான் மிச்சம். மழையிலேயே இறங்கி நடந்துவிட்டான்.

அதன்பின் அவளுக்கு வேலையே ஓடவில்லை. செயலியைத் திருத்த ஆள் தேவை என்பது உண்மைதான். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவனைத் தேடிப்போய்க் கேட்டாள்.

"என் சோத்தைப் பிடுங்கின மெஷினுக்கு நானே ஊட்டியும் விடணுமா?"

அவளுக்கும் ரோஷம் வந்தது. மறுபடி போகவில்லை. சியோலில் ஒரு பல்கலைக்கழகம் ஒரு வருஷ வேலைக்கு அழைத்தபோது, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

முதல் பனி விழுந்த அன்று தெல்மென் ஆய்வகத்துக்கு வந்தான். அவள் போகப்போவதை மணப்பெண் சொன்னாளாம். உயாங்கா உப்புத் தேநீர் கொடுத்தாள். குடிக்காமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"இப்பவும் அந்த மெஷின் மேல கோபம்தான். உங்க மேல இல்ல... உங்க மேல இருக்கறது வேற."

"வேறன்னா?"

"ரெண்டு மொழியிலயும் தேடிப் பாத்துட்டேன். வார்த்தை கிடைக்கல."

ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான் கடைசியில். "போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், அது உங்க வேலை. ஆனா திரும்பி வாங்க."

"எனக்கும்தான்..." என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க மழையில இறங்கிப் போனப்பவே. ஒரு வருஷம் காத்திருப்பீங்களா?"

"காத்திருக்கறதுக்கு இன்னும் மெஷின் வரலியே," என்றான் தெல்மென். "நானே செஞ்சுக்கறேன்."