நிலவறையில் வைத்த படையல்

ஒஸ்லோவில் இருந்து வந்த பஸ், லியர் பள்ளத்தாக்கின் அப்பிள் தோட்டங்களுக்கு நடுவே உதயகுமாரியை இறக்கிவிட்டுப் போனது. காலை ஒன்பது மணி, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மழை துமித்துக்கொண்டிருந்தது. கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு சேற்றில் நடந்தவளுக்கு விசர் விசராய் வந்தது.

இன்றைக்கு அவளின் மனுசன் பூபாலசிங்கத்தின் ஆண்டுத் திவசம். போன வருசம், இரண்டாயிரத்து ஐந்தில், இதே நாள்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். லீவு கேட்டு மூன்று கிழமைக்கு முன்னமே எழுதிக் கொடுத்தவள். தலையாட்டின முதலாளி மனுசி, நேற்றுப் பின்னேரம் போன் எடுத்து, மற்றச் சமையல்காரிக்குக் காய்ச்சலாம், நீ வராவிட்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான் என்று மூக்காலே அழுதாள். மாட்டேன் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் இரவு முழுக்க இவளை நித்திரைகொள்ள விடவில்லை.

ஐயர் செய்யவேண்டியதை எல்லாம் நேற்றே கோயிலில் செய்து முடித்துவிட்டார். மிச்சம் படையல்தான். செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து, இலையில் படைத்து, வாங்கோ என்று கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கவேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். பிறகு கதவில் தட்டிச் சத்தம் காட்டிவிட்டுத்தான் திறக்கலாம். பொழுதுபட முன்னம் இது முடியவேண்டும், இல்லாவிட்டால் மனுசன் பசியோடு அலைவார். நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிய ஐந்தாகும். அதனால்தான் விடிய எழும்பி மீன்குழம்பு காய்ச்சி, ஒரு பங்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அவள் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடை ஒரு பழைய பண்ணைவீடு. கீழே கல்லால் கட்டின நிலவறையில் அப்பிள் வைன் பீப்பாக்களும் ஒரு நீள மேசையும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஸ்லோச் சனம் வந்து அந்த மேசையைச் சுற்றிக் கதிரைகளில் இருந்து, கிளாசை ஆட்டி ஆட்டி மணந்துபார்த்து, ஒரு மிடறுக்கு அரை மணித்தியாலம் கதைக்கும். பூபாலசிங்கத்துக்கும் அந்த வைனில் சரியான விருப்பம். "ஒருநாளைக்கு உன்னை விருந்தாளியாய்க் கூட்டிக்கொண்டு போய் அந்த மேசையிலை இருத்துவன்" என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார்.

இன்றைக்குச் சனம் இரண்டு மணிக்குத்தான். பதினொன்றரைக்கு உதயகுமாரி நிலவறைக்கு இறங்கினாள். ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடையில் வாங்கின வாழையிலையை விரித்து, சோறும் குழம்பும் படைத்து, பக்கத்தில் ஒரு கிளாஸ் வைன் ஊற்றினாள்.

"இஞ்சேருங்கோ, வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கதிரை இழுபட்டது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒரு வருசமாய் ஒரு கனவிலைகூட வரேல்லை நீங்கள்," என்று கதவோடு வாயை வைத்து முறைப்பட்டாள். "கோவமோ? இந்த விசர் வேலையாலை வீட்டிலை வைச்சுப் படைக்க முடியேல்லை. என்னைக் குறை நினையாதேங்கோ."

உள்ளே கிளாஸ் வைக்கும் சத்தம். பிறகு மெல்லும் சத்தம்.

பிறகு கதவிடுக்கால் ஒரு மணம் வந்தது. ஈரமண்ணும் சுருட்டும் அழுகின அப்பிளும் கலந்த மணம்.

அவர் ஒருநாளும் சுருட்டுப் பிடித்ததில்லை.

உள்ளே ஏதோ மேசையை அறுத்தது. கீறிச், கீறிச் என்று.

அவள் மூன்று தரம் தட்டினாள். அறுப்பது நின்றது. திறந்தாள். ஒருவரும் இல்லை. சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை. வாழையிலை நாலு விரல் அகலத் துண்டுகளாய் நேர்நேராய் வெட்டுப்பட்டுக் கிடந்தது. அடியில் மேசைப் பலகையிலும் வெட்டுக்காயம். கத்தி ஒன்றும் அவள் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் அவர் கையால்தான் சாப்பிடுகிறவர்.

கிளாஸ் எடுக்க இறங்கி வந்த துசாந்தினி படியிலேயே நின்றுவிட்டாள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு சனி ஞாயிறில் பரிமாற வருகிற பிள்ளை அவள்.

"அன்ரி, ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

"அவரைத்தான்."

"என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

"இஞ்சேருங்கோ எண்டு."

துசாந்தினி குரலைத் தாழ்த்தினாள். "பேர் சொல்லேல்லையோ? இந்த வீட்டிலை எத்தினை பேர் செத்திருப்பினம் அன்ரி. இஞ்சேருங்கோ எண்டா ஆரும் வரலாம்தானே."

உதயகுமாரி வெட்டுப்பட்ட இலையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருசக் கலியாண வாழ்க்கையில் அவள் புருசனின் பெயரை ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோதும் அவரின் அட்டையைத்தான் எடுத்து நீட்டினவள். அப்படி வளர்த்துவிட்டார்கள்.

அவருக்கு வைத்த சோற்றை எதுவோ தின்றுவிட்டுப் போய்விட்டது. அவர் இன்னும் பசியோடு.

ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள். முதலாளி மனுசி பின்னாலே கத்தினதைக் காதில் வாங்காமல் றோட்டுக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைப் பஸ்ஸோ வந்து துலையாது. முக்கால் மணித்தியாலம் மழையில் நின்றாள். வந்த பஸ்ஸில் சனம் நின்றுகொண்டு வந்தது, அவளுக்குப் பக்கத்துச் சீற்றில் மட்டும் ஒருவரும் இருக்கவில்லை. ஒஸ்லோவில் மாறவேண்டிய பஸ் அவள் கண்ணுக்கு முன்னாலேயே கதவைப் பூட்டிக்கொண்டு போனது. அழுகையும் கோபமுமாய் வந்தது. வேலையைத் திட்டினாள், அவரைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டினாள்.

ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் தன் நாலாம் மாடி வீட்டுக்குள் நுழைய மூன்றரை. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சட்டியில் மிஞ்சின குழம்பைச் சூடாக்கி, சோறு வைத்துக் குசினி மேசையில் படைத்தாள். ஈர உடுப்போடு குசினி வாசலில் நின்று வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

"பூ..." என்றாள். "பூபாலசிங்கம். வாங்கோ. உங்களைத்தான் கூப்பிடுறன்."

சொல்லிவிட்டாள். குசினிக் கதவைச் சாத்தினாள்.

உடனேயே கதிரை இழுபட்டது.

அவள் கதவில் நெற்றியை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

அப்போது அவளுக்குப் பின்னால், வீட்டின் வெளிக்கதவில் யாரோ தட்டினார்கள். மெதுவாக, களைத்துப்போன ஆள் தட்டுகிறதுபோல.

"குமாரி." ரகசியமாய் வந்தது குரல். "கதவைத் திற. பசிக்குது."

அவரின் குரல். வருத்தக்காரனின் குரலாய் மெலிந்திருந்தது.

கீறிச், கீறிச் என்று குசினிக்குள் அறுக்கத் தொடங்கியது. ஈரமண்ணும் சுருட்டும் மணத்தது. பஸ்ஸில் வரும்போது பக்கத்துச் சீற்றில் ஏன் ஒருவரும் இருக்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஓடிப்போய் வெளிக்கதவைத் திறந்தாள். நடைபாதை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லை. குளிர்தான் முகத்தில் அடித்தது. யன்னலுக்கு வெளியே கடைசி வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது.

"போகாதேங்கோ," என்று அழுதாள். "சோறு இருக்கு, உங்கடை சோறுதான்."

படிகளில் காலடி ஒன்று தேய்ந்து தேய்ந்து கீழே இறங்கியது.

இனி வெட்கம் என்ன, பழக்கம் என்ன. அவள் வெளியே வந்து படிக்கம்பியைப் பிடித்துக் குனிந்து, முழுக் கட்டிடமும் கேட்கக் கூப்பிட்டாள்.

"பூபாலசிங்கம்!"

காலடி நின்றது.

அவள் காத்திருந்தாள்.

"ஓம்," என்று பதில் வந்தது. அவளுக்குப் பின்னால், குசினிக்குள் இருந்து.