உலகநாதனுக்கு ஓர் இயங்குதளம்

உலகநாதன் திங்கட்கிழமை இறந்துபோனார். வியாழக்கிழமை காலை மனைவியைக் கூப்பிட்டு, தனக்கு இடம் பார்த்தாயிற்றா என்று கேட்டார்.

செவ்வாய்க் கோளின் புதுக்கழுகுமலைக் குடியிருப்பில் இதையெல்லாம் யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. சாகிறவர்களின் மனத்தை அங்கே உடனே பிரதி எடுத்து, நகராட்சியின் காத்திருப்பகத்தில் வைத்துவிடுவார்கள். வார முடிவுக்குள் வீட்டார் வழங்கி என்னும் கணினி ஒன்றை வாங்கி, அதை நடத்தும் மென்பொருளான இயங்குதளம் ஒன்றைப் போட்டு, மனத்தை அதில் குடியேற்ற வேண்டும். அப்புறம் இணையத்தில் அவருக்கென்று ஒரு முகவரி உண்டு. உறவினர்கள் எந்தக் கோளிலிருந்தும் எட்டிப் பார்த்துப் பேசிவிட்டுப் போகலாம். நாள் தவறினால் நகராட்சி அழித்துவிடும். அழித்தால் அழித்ததுதான்.

அவர் மனைவி செண்பகவல்லிக்கு வெங்காயம் வளர்க்கத் தெரியும். இயங்குதளம் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

"ஏட்டி, இங்கன ஒரே இருட்டா இருக்கு. சீக்கிரம் பாரு," என்றார் உலகநாதன்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எதைப் போடுததுன்னு தெரியல்லையே. தப்பாப் போட்டுட்டா நீங்க என்னாவீங்க?"

அவருக்கும் அதே பயம்தான்.

விசாரித்த இடத்திலெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். 'மாடம்' என்று ஒன்று. பணம் கட்ட வேண்டும். படத்தைத் தொட்டாலே வேலை நடக்கும். ஆனால் நினைத்த நேரத்தில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு மறுபடி கண்விழிக்கும். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பவருக்குக் கொஞ்சம் ஞாபகம் போய்விடுகிறதாம். 'துளிர்' என்று இன்னொன்று. புத்தம் புதியது, அதனாலேயே அதில் என்ன கோளாறு இருக்கிறது என்று அதைச் செய்தவர்களுக்கே இன்னும் தெரியாது. மூன்றாவது 'பாறை'. இலவசம். கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். சந்தேகம் கேட்டால் முகம் தெரியாத ஆட்கள், இதுகூடத் தெரியாமல் எதற்கு வந்தாய் என்று திட்டிவிட்டுப் பதில் சொல்வார்கள்.

இவை எல்லாவற்றையும்விட அவளை உலுக்கியது புகுந்தாடிகளைப் பற்றிய பேச்சு. பாதுகாப்பில்லாத வழங்கிக்குள் நுழைந்து, உள்ளே இருப்பவரை ஒரு மூலையில் கட்டிப்போட்டுவிட்டு, அவர் குரலை விளம்பரக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். முனை வீட்டுப் பெரியவர் இறந்த பிறகு தன் சொந்தப் பேத்தியிடமே பல நாள் பற்பசை விற்றார். மீட்டபோது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கத்தத்தான் முடியவில்லை என்று அழுதாராம்.

அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம்தான் கைகொடுத்தாள். தன் தகப்பனாரை ஏற்கெனவே குடியேற்றி அனுபவப்பட்டவள்.

"பாறையைப் போடு செம்பகம். அதுலயும் பழைய பதிப்பு. ரொம்ப காலத்துக்குத் திருத்தம் குடுப்பாவ. புகுந்தாடி மோதினா மண்டைதான் ஒடையும்."

"எனக்குத் தட்டச்சு வராதே மதினி."

"நான் சொல்லுதேன், நீ தட்டு."

வழங்கியை வாங்கிவந்து இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். ஓர் எழுத்து பிசகினாலும் திரையில் சிவப்பு வரி வந்து நிற்கும். செண்பகவல்லி ஒவ்வொரு தடவையும் அழித்து, திருத்தி, மறுபடி தட்டினாள். தேவையில்லாத வாசல்களை மூடினார்கள். புகுந்தாடிகளைத் தடுக்க நெருப்புச் சுவர் எழுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் பாறை எழுந்து நின்றது. குடிவருபவரின் திறவுச்சொல் என்ன என்று கேட்டது.

"என்ன வைக்கட்டும் மதினி?"

"மறக்காததா வையி. மறந்துட்டா அவரை நாமளே தொறக்க முடியாது, பாத்துக்கோ."

புதுக்கழுகுமலையில் கதவு, வண்டி, உயிர்வளித் தொட்டி எதுவானாலும் முதலில் எழுதுவதைத்தான் அவளும் எழுதினாள். முருகன் துணை.

'இந்தச் சொல் வலுவற்றது' என்றது திரை.

"முருகனையா வலுவில்லைங்குது?" செண்பகவல்லிக்குக் கோபமே வந்துவிட்டது.

"அது அப்படித்தான் சொல்லும். கடைசில ஒரு ஒண்ணு போடு. எனக்கும் அப்படித்தான் ஏத்துக்கிட்டுது."

போட்டாள். ஏற்றுக்கொண்டது. தங்கபுஷ்பம் மனநிறைவோடு தன் வீட்டுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் உலகநாதனின் குரல் வந்தது. "வந்துட்டேன் ஏட்டி. நல்ல வெளிச்சம். சொவரெல்லாம் என்ன கனம்!"

செண்பகவல்லி அழுதாள். எத்தனை நாள் பயம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

"ஏட்டி, வாசல்ல யாரோ நிக்காவ."

செம்பு கையிலேயே நின்றது. "பூட்டை ஒடைக்காவளா? பாறையை ஒடைக்க முடியாதுன்னு மதினி சொன்னாவளே!"

"ஒடைக்கல்ல." அவர் குரல் ஒடுங்கிப் போயிருந்தது. "முருகன் துணைன்னு சொல்லிக்கிட்டே உள்ள வாரான். ஒண்ணுன்னு வேற சொல்லுதான். ஏட்டி, சொல்லை மாத்து, சீக்கிரம் மாத்..."

அவள் பாய்ந்து வந்து திரையைத் தொட்டாள். எந்தக் கட்டளையில் மாற்றுவது என்று மதினி சொல்லித்தரவில்லை. "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். கை போன போக்கில் தட்டினாள். சிவப்பு வரிகள் வந்துகொண்டே இருந்தன. பிறகு திரை தானே அமைதியானது.

"வணக்கம், செண்பகவல்லி அவர்களே," என்றார் உலகநாதன். நாற்பது வருஷத்தில் அவர் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "உங்கள் வழங்கிக்கு எந்த இயங்குதளம் பாதுகாப்பானது என்று தெரியாமல் அஞ்சுகிறீர்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பத்தின் தகப்பனார் அதே கேள்வியைத் தம் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் அப்பால், தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, இறந்துபோன ஒவ்வொருவரும் கேட்டார்கள்.