மூன்று தரம் கேட்கணும்

சூரத்தில் விடிந்ததிலிருந்தே மழை. மதியம்போல விதவைகள் இல்லத்து வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. நகரசபை உறுப்பினர் மகன்லால் இறங்கினார். நிலத்துக்குக் கைநாட்டு கேட்டு அடித்த புகுந்த வீட்டைவிட்டு இங்கே ஓடிவந்தவள் ரேவா. அவளுடைய செத்துப்போன புருஷனுக்கு இவர் அண்ணன்.

இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் கூவர்பாய் உடனே ரேவாவைக் கூப்பிட்டனுப்பினாள். "இன்னிக்கு அவள அனுப்பலைன்னா நாளைக்குக் குழாயில தண்ணி வராது" என்று காலையிலேயே ஆள்விட்டுச் சொல்லியிருந்தார் மனுஷர். ஒருத்திக்காக நாற்பது பெண்கள் தொண்டை காய்வதா?

நகைகளை விற்று இந்த இல்லத்தைக் கட்டிய பார்சிச் சீமாட்டி தீன்பாய் செத்து நாலு வருஷம். கைத்தடி ஊன்றி நடந்த அந்தக் கிழவி ஒரு சட்டம் வைத்திருந்தாள். போகிறவளை மூன்று தரம் கேட்கணும். வாய் திறந்து "சரி" என்றால்தான் கதவு திறக்கும். பேசாமல் நின்றால் மாட்டேன் என்று அர்த்தம். புருஷனின் அண்ணன் எதிரே எந்த மருமகளும் முகம் காட்டமாட்டாள், வாய் திறக்கமாட்டாள் என்று தெரிந்தேதான் வைத்தாள்.

முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டு ரேவா வந்து நின்றாள்.

"போறியாம்மா?" என்றாள் கூவர்பாய்.

"எங்க வீட்டு எருமைகூட இத்தனை யோசிக்காது" என்றார் மகன்லால்.

"போறியா?"

சுவரோரம் கைத்தடி ஊன்றும் சத்தம்.

டொக்.

ஈரக்காற்றில் எங்கிருந்தோ சந்தனப் புகை. கிழவியின் அறையில் எப்போதும் இருந்த வாசனை அது. கூவர்பாய்க்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாம் தரம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"மௌனம் சம்மதந்தானே. கூட்டிட்டுப் போங்க."

மகன்லால் கையை நீட்டினார்.

"மாட்டேன்டா!"

முக்காட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. கோழை கட்டிய கிழட்டுக் குரல்.

மகன்லால் ஒற்றைச் செருப்போடு வண்டியில் போய் விழுந்தார். கூவர்பாய் முக்காட்டை விலக்கினாள். ரேவா முந்தானையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான் பேசலம்மா... சத்தியமா நான் பேசல."

இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, விளக்கு வைக்கும் முன்பே கூவர்பாய் கிளம்பினாள். கதவின் தாழ்ப்பாளைப் பாதி இழுத்திருந்தாள்.

டொக்.

"போறியாம்மா?"

முதுகுக்குப் பின்னால், மிக அருகில்.

"போறியா?"

சரி என்று ஒரே ஒரு வார்த்தை. வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு புரள மறுத்தது. கண்ணில் நீர் முட்டியது.

"போறியா?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சந்தனப் புகை காத்திருந்தது.

பிறகு, அவள் கைக்குக் கீழேயே, தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து பூட்டிக்கொண்டது.