நாற்பதாயிரம் பதிவிறக்கங்கள்

வெள்ளி, காலை 10.50.

திருட்டு என்றால் ஏதாவது காணாமல் போயிருக்க வேண்டும். கழக்கூட்டம் என்ற ஊரில் இருந்த அந்த அறக்கட்டளை அலுவலகத்தில் எதுவும் காணாமல் போகவில்லை. நாற்பதாயிரம் கூடுதலாக இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் செண்பகவல்லிக்கு வந்ததுமே எரிச்சல். போனக்காட்டு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். எண்ணை வைத்து ஏய்க்கிறவர்களைத் தேயிலைத் தராசடியிலேயே பார்த்தவள்.

'செவித்துணை' என்பது பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். அதன் நிரல் யாருக்கும் திறந்தது. எழுதியவள் ஜெஸ்லின். அதை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையை மாதந்தோறும் நிதி தரும் குழுவுக்கு அனுப்பிப் பெருமை கொள்பவர் இயக்குநர் பூதலிங்கம். எப்போதும் முன்னூறு சொச்சம் வரும் எண், போன மாதம் 40,612 ஆனது. குழு சந்தேகப்பட்டது. பூதலிங்கம் உடனே போலீஸைக் கூப்பிட்டு ஜெஸ்லினைக் கை காட்டினார்.

"எல்லாம் இவ பேர்லதான் இறங்கியிருக்கு மேடம். நம்ம ஆபீஸ் லைன்ல இருந்தே."

"இவ பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். ஒளிவுமறைவு வேண்டாம்னு நான்தான் போர்டுல ஒட்டச் சொன்னேன்."

செண்பகவல்லி சுவரைப் பார்த்தாள். மூன்று பேரின் பாஸ்வேர்டும் பெரிய எழுத்தில் தொங்கின. இந்த லட்சணத்தில் மென்பொருள் நிறுவனம்.

"சரி. புகார்ல ஒப்பு போடுங்க, இவளைக் கொண்டுபோறேன்."

"போடலாம். ஆபீஸ் சீல் காணல. கொஞ்சம் தேடணும்."

11.05. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீஜித்திடம் போன மாதப் பதிவிறக்கப் பதிவை மணிவாரியாகக் கேட்டாள்.

"இப்பத் தன்னே எடுக்காம் மேடம்." வேலையை அப்போதே தொடங்கினான்.

ஜெஸ்லினின் கண்கள் சிவந்திருந்தன. விரல்கள் மட்டும் விசைப்பலகையை விடவில்லை.

"இப்ப என்ன பண்றே?"

"புதுப் பதிப்பு ஏத்துறேன் மேடம். எல்லா வெள்ளியும் பதினோரு மணிக்கு ஏத்துறதுதான். என்னைக் கொண்டுபோனாலும் அவங்க காத்திருப்பாங்கல்லா." அடுத்த கோப்பை ஏற்றினாள். "பொய்க் கணக்கு எழுதினவள்னு பேர் வந்தா இனி எவரு வேலை தருவா?"

11.30. பதிவு கைக்கு வந்தது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு கொத்து, கொத்துக்கு நூறு. யாரோ ஒவ்வொரு முறையும் கையால் தட்டித் தொடங்கியிருக்கிறார்கள். நடுவே இடைவெளிகள். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை.

"ஊணு கழிக்கான் போயிருக்கும்," மதியச் சாப்பாட்டைச் சொன்னான் ஸ்ரீஜித்.

"செவ்வாய் மூணு முதல் நாலரை?"

"சாயா குடிக்கான்."

"ஒன்றரை மணி நேரம் சாயாவா?"

வியாழனின் இடைவெளி வேறு. திங்களன்று இடைவெளியே இல்லை. சர்வரும் நிற்கவில்லை, அந்த நேரங்களிலும் உண்மையான ஆட்கள் ஒன்றிரண்டு பேர் இறக்கியிருந்தார்கள். செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இயக்குநர் அறையைப் பார்த்தாள். பூதலிங்கம் எதையும் தேடவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

12.02. அவர் வெளியே வந்தார். சட்டைப் பையிலிருந்து சீல் முத்திரையை எடுத்தார். புகாரின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, கீழே நீட்டிக் கையெழுத்திட்டார். ஜெஸ்லின் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நீ உட்காரு," என்றாள் செண்பகவல்லி. "சாரே, சீல் இவ்வளவு நேரமும் உங்க பையிலதான் இருந்துதா?"

"மறந்துபோச்சு."

"மறக்கல. புதன் பன்னெண்டு, செவ்வாய் மூணு, வியாழன் ஒன்றரை, வெள்ளி பத்தரை. உங்க தலைக்கு மேல காலண்டர் தொங்குது, பாருங்க. எல்லாம் ராகுகாலம். திங்கள்ல அது ஒன்பதுக்கே முடிஞ்சுரும். அதான் அன்னைக்கு இடைவெளி இல்ல. ஜெஸ்லின் வாராவாரம் வெள்ளி பதினோரு மணிக்குப் பதிப்பு ஏத்துறவ. ஸ்ரீஜித் இன்னைக்குக் கேட்டதும் வேலையத் தொடங்கினான். அந்த நேரத்துல ஒரு காரியமும் தொடங்காத ஆள் இங்க நீங்க ஒருத்தர்தான்."

பூதலிங்கம் காலண்டரை அண்ணாந்து பார்த்தார்.

"முன்னூறுன்னு எழுதுனா எவன் மேடம் மதிப்பான்? ஒரு எண்ணுதானே."

"மாட்டுனதும் அந்த எண்ணை ஒரு பிள்ளை தலையில கட்டப் பாத்தீங்க. கள்ளத்தனத்துக்கும் நேரம் பாக்கத் தெரிஞ்சுது. அந்த நேரமும் பதிவாகும்னு தெரியல. மிச்சத்தை உங்க மேஜைக் கம்ப்யூட்டர் சொல்லும்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் கோபத்தைச் செலவழிப்பது வீண் என்று பட்டது. அவளுக்குப் பின்னால் ஜெஸ்லின் கொத்துகளைக் கழித்துவிட்டு, மாத அறிக்கையில் 40,612ஐ அழித்து 312 என்று தட்டினாள்.

செண்பகவல்லி புகாரை மடித்துப் பையில் வைத்தாள். "கேஸுக்கு இது போதும். பொய்ப் புகார், நல்ல நேரம் பாத்து நீங்களே ஒப்பு போட்டது."

பூதலிங்கம் நாற்காலியைப் பிடித்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் மேடம்..."

"எதுக்கு? ராகுகாலம் கழிஞ்சாச்சு சாரே. ஜீப்புல ஏறுங்க."