கழித்துப் போட்ட பத்தொன்பது படங்கள்

கம்ப்யூட்டரில் மூன்றாவது தடவை ஓட்டிப் பார்த்தபோதும் வெயில் தாவித் தாவித்தான் நகர்ந்தது. கள்ளிச்செடியின் மொட்டு மெல்ல நெகிழ, அதன் நிழல் மட்டும் நின்று, குதித்து, மறுபடி நின்றது.

ஸ்டுடியோக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாகப் பாஸ்போர்ட் படம் பிடித்த கை. நிமிஷத்துக்கொன்றாக எடுத்துக் கோத்துப் பூ விரிவதைக் காட்டுகிற வேலைக்கு இன்றுதான் புதுசு. காலையில் பேட்டரி காலை வாரியது. அப்புறம் அவரே கேமரா ஸ்டாண்டில் இடித்துக்கொண்டார். ஆறு வருஷம் பூக்காத செடி அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவி, மருந்து மயக்கத்தில் தூங்கிவிடுவோமே என்று, "எனக்காக எடுத்து வைங்க" என ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். கூடத்தில், செடிக்குப் பக்கத்துச் சாய்வு நாற்காலியில், பிற்பகல் வெயிலும் மருந்து வாடையும் சூழ அவள் உறங்க, இவர் பின்னறையில் உட்கார்ந்து, செடிக்கெதிரே தானாகவே எடுத்துக்கொண்டிருந்த கேமராவிலிருந்து நீள ஒயர் வழியாக ஒவ்வொரு படமும் கம்ப்யூட்டரில் வந்து விழுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

கல்யாண வீடியோ எடுக்கிற மச்சினனுக்குப் போன் போட்டுப் புலம்பினார்.

"நடுவுல எதையாவது தூக்கிப் போட்டீங்களா, மாமா?"

போட்டிருந்தார். கண் மூடினது, கறை விழுந்தது, எல்லாவற்றையும் வந்த கையோடு கழிப்பது கடைப் பழக்கம். பின்னால் மங்கலாக ஏதோ அப்பியிருந்த பத்தொன்பது படங்கள்.

"போச்சு. ஒண்ணு விடாம வேணும். இதென்ன பாஸ்போர்ட்டா, காது தெரியலன்னு கழிக்க?"

தன்னையே திட்டிக்கொண்டு, குப்பையில் கிடந்தவற்றைப் பொறுக்கி வரிசையில் சேர்த்து ஓட்டினார். வெயில் எண்ணெய் மாதிரி வழுக்கிப் போனது. அப்பாடா என்று சாய்ந்தவர் நிமிர்ந்தார்.

கறை வந்தது. மறைந்தது. மறுபடி வந்தபோது ஓரடி முன்னால். கதவு. அலமாரி. மேசை.

லென்ஸ் அழுக்கு நடக்காது. அழுக்குக்குத் தோள் இருக்காது.

கடைசிப் படத்தில் அது அவள் நாற்காலிக்குப் பின்னால். குனிந்திருந்தது.

எழுந்தார். நின்ற இடத்திலிருந்தே மனைவியைக் கத்திக் கூப்பிட்டார்.

கூடத்திலிருந்து தூக்கக் கலக்கத்தில் பதில் வந்தது.

"பக்கத்துலேயே நின்னுக்கிட்டு எதுக்குக் கத்துறீங்க? நெத்தியில இருந்து கையை எடுங்க. சில்லுனு இருக்கு."

க்ளிக்.

புதுப் படம் வந்து விழுந்தது. பூ முழுசாக விரிந்திருந்தது. அவளுடைய நெற்றியில் தொடங்கிய விரல்கள் தாடைக்குக் கீழே வரை நீண்டிருந்தன.