சொட்டு விட்ட பத்து நிமிடம்

லேசர் சிகிச்சை முடிந்த மறுநாள் காலை, கண்ணாடி இல்லாமலே வீடு பளிச்சென்று தெரிந்தது. திரைச்சீலையின் பூவையும் மின்விசிறியில் படிந்த தூசியையும்கூட ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், படுக்கையறைக் கதவோரச் சுவரைக் கண்டதும் நின்றாள். அங்கே ஆணி இல்லை.

ஆணி இருந்தே ஆகவேண்டும். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், தூங்கி விழித்துக் கண்ணாடியைத் துழாவி எடுப்பதற்குள், அந்தச் சுவரில் கருப்பாக, நீளமாக ஒன்று தொங்குவதைத் தினமும் பார்த்திருக்கிறாள். கணவரின் மழைக்கோட்டு என்று நினைத்துக்கொள்வாள். கிட்டப்பார்வைக்காரர்களின் பழக்கமே அதுதான். கலங்கலாகத் தெரிவதற்கெல்லாம் தாங்களே ஒரு பெயரை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கண்ணாடி மாட்டிய பிறகு, வெறும் மழைக்கோட்டை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

"உங்க மழைக்கோட்டு எங்கங்க?"

"வண்டிப் பெட்டியில. எப்பவும் அங்கதான கிடக்கும்?"

"இந்தச் சுவத்துல ஒரு ஆணி இருந்துச்சே. நீங்க பிடுங்கினீங்களா?"

"ஆணி அடிச்சா ஓனர் நம்மளயே கிளப்பிடுவாரு. ஏன், லேசரை மண்டைக்கும் காட்டிட்டாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துபவள் அவள், சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளமே. சுவரை விரலால் தடவினாள். துளையும் இல்லை, பூசி மறைத்த தடமும் இல்லை. இவர் எதையோ மறைக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம்தான் பழைய வீடு ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் கதவோரம் கருப்பாக ஒன்று தொங்கும். அதைத் துண்டு என்று நினைத்திருந்தாள். அதற்கும் முன்னால், விடுதியில், அறைத்தோழியின் பாவாடை. சுவரிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கணவர் சொட்டு மருந்து விட்டார். விட்டதும் பத்து நிமிடம் பார்வை மங்கும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். மருந்தின் கசப்பு தொண்டைக்குள் இறங்கியது. ஜன்னல் வெள்ளையாகக் கரைந்தது, அலமாரி பழுப்பாகக் கரைந்தது. கதவோரம் அது தொங்கியது. பார்வை தெளிந்தபோது வெறும் சுவர்தான் இருந்தது.

இரண்டு மணி மருந்துக்கு, அது அலமாரி அருகே வந்திருந்தது. அது தொங்கவில்லை, நின்றது. ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை அடித்தது.

ஆறு மணிக்குக் கணவர் மறுபடி குப்பியைக் குலுக்கிக்கொண்டு வந்தார்.

"இப்ப வேண்டாங்க. அந்த மருந்துல ஏதோ இருக்கு."

"மருந்துதான் இருக்கு. ஒரு வேளை தவறினாக்கூட சீழ் வெச்சிடும், கண்ணே போயிடும்னு டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு?"

கண் போனால் பிழைப்பும் போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. கண் போனால், இந்த மங்கல் பத்து நிமிடத்தோடு தெளியாது. நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்தாள்.

கணவரின் ஒரு கையில் குப்பி. மறு கை கீழிமையை இழுத்தது.

மேலிமையைத் தூக்கிப் பிடித்தது யார்?

சொட்டு விழுந்தது. அடுத்த கண்ணிலும் விழுந்தது. கணவரின் முகம் கரைந்தது. விளக்கு கரைந்தது.

"ஆச்சு. கண்ண மூடிக்கோ."

அவர் விலகிப்போய்க் குப்பியின் மூடியைத் திருகினார். இரண்டு கைகளாலும்.

கண்ணை மூடப் பார்த்தாள். முடியவில்லை. சில்லென்ற விரல்கள். இரண்டு இமைகளிலும். குரலும் எழும்பவில்லை.

கரைந்துபோன அறையில் ஒன்று மட்டும் கரையவில்லை. நாற்காலிக்குப் பின்னாலிருந்து, அவள் முகத்துக்கு நேரே, தலைகீழாகக் குனிந்திருந்தது. இமையே இல்லாத இரண்டு கண்கள். அவற்றில் ஒவ்வொரு சிவப்பு நரம்பும் துல்லியமாகத் தெரிந்தது.

விரல்கள் அவள் இமைகளை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்தன.