இடது காதுப் பக்கம்

மழைக்கு ஒதுங்கிய இடத்தில்தான் மார்னிக்கு அந்தக் கோபம் வந்தது. டுலூத் நகரத்து ஏரிக்கரை பஸ் நிறுத்தம். பக்கத்தில் நின்றவனின் குடை அவள் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்களேன்..."

திரும்பவே இல்லை. இன்னொரு முறை சொன்னாள். அப்போதும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன திமிர்... ஆனால் அந்தச் சாம்பல் கண்கள் அழகாகத்தான் இருந்தன, பாழாய்ப்போனவை.

ஒரு மணி நேரத்தில் அதே கண்கள் அவளுடைய செவிப் பரிசோதனை அறைக்குள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தன. எய்னோ லாம்பி. கப்பலில் இரும்புத் தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை. வருடாந்திரச் சோதனைக்குக் கம்பெனி அனுப்பியிருந்தது.

காதில் ஒலி கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்றுவிடாமல் அமுக்கினான். மார்னிக்குச் சந்தேகம் தட்டியது. ஒலியே அனுப்பாமல் சும்மா விசையைத் தொட்டாள். அமுக்கினான்.

"ஏமாத்துறீங்களா?"

"நீங்க சத்தம் அனுப்புறப்ப உங்க புருவம் லேசா ஏறுதுங்க."

"அப்ப இவ்வளவு நேரமும் என் புருவத்தையா பாத்துட்டு இருந்தீங்க?"

"போரடிக்கல."

சிரிப்பை விழுங்கிக்கொண்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். இப்போது உண்மை வெளியே வந்தது. வலது காது பரவாயில்லை. இடது காது பாதிக்கு மேல் போயிருந்தது.

"மான் வேட்டைக்குப் போவீங்களா?"

"பன்னெண்டு வயசுலேர்ந்து. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வலது தோள்ல துப்பாக்கியை வச்சா இடது காதுதான் குழல் பக்கம் இருக்கும். உள்காதுல இருக்கிற பொடி மயிரெல்லாம் அந்த வெடியில சாஞ்சிடும். திரும்ப முளைக்காது. காதுக்கு அடைப்பான் வச்சிருக்கலாமே."

"எங்க கூட்டத்துல எவனும் வைக்க மாட்டான். கேலி பண்ணுவானுங்க."

"காது மிஷின் வச்சா கேக்கும்."

அவன் முகம் இறுகிவிட்டது. "முப்பத்திரண்டு வயசுல மிஷினா? வேண்டாம்." எழுந்து போய்விட்டான்.

அப்போதுதான் மார்னிக்கு உறைத்தது. பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றது அவனுடைய இடது பக்கம். திமிராவது ஒன்றாவது... பாவம், அவனுக்குக் கேட்கவே இல்லை. அன்று முழுவதும் மனசு அவனையே சுற்றியது. நோயாளி மேல் இப்படி மனசு போகக் கூடாது. மறுநாளே, கூட வேலை பார்க்கும் தோழி ரூத்திடம் பஸ் நிறுத்தக் கதையையும் சொல்லி, அவனை அவள் பொறுப்பில் விட்டுவிட்டாள். இனி வரவே மாட்டானோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

இலையுதிர்காலம் வந்தது. மறுபடி மழை, அதே நிறுத்தம், அதே குடை. வேண்டுமென்றே அவனுடைய இடது பக்கம் போய் நின்றாள்.

"குடை சொட்டுது..." முணுமுணுப்பாகத்தான் சொன்னாள்.

சட்டென்று திரும்பினான். காதோரம் சின்னதாக ஒரு மிஷின்.

"மழை இவ்வளவு சத்தம் போடும்னு மறந்தே போச்சுங்க. ரூத்தம்மாதான் மாட்டிவிட்டாங்க. நீங்க ஏன் என்னைக் கைகழுவினீங்க?"

"கேலி பண்ணுவாங்கன்னீங்களே?"

"பண்றானுங்க. பண்ணட்டும். நீங்க அன்னிக்கு இங்க நின்னு பேசினீங்களாம், நான் கவனிக்கவே இல்லையாம்... ரூத்தம்மா சொன்னாங்க. அதைத் தாங்க முடியல."

மார்னி கையிலிருந்த புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். உதட்டைப் படிக்க முடியாதபடி சோதனையில் செய்வது அப்படித்தான்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. படகு."

"படகு."

"ரொட்டி."

"ரொட்டி."

"எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. கேட்கவில்லையோ...

எய்னோ கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"எதுக்கு கண்ணை மூடுறீங்க?"

"உங்க புருவத்தைப் பாத்துச் சொன்னேன்னு சொல்லிடுவீங்க," என்றான். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னான். "எனக்கு... உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."